எல்லையோரப் பல்கலைக்கழகமும் லத்தீனா பொறியியல் மாணவிகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் பொறியியல் இளநிலைப் பட்டம் வாங்குகிறவர்களில் இன்றைக்கும் ஏறக்குறைய நால்வரில் ஒருவர்தான் பெண். 1970-ல் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்பதால், ஐம்பது ஆண்டுகளில் நல்ல முன்னேற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெண்களுக்குள் லத்தீனாக்களை, அதாவது மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கொலம்பியா போன்ற இடங்களைப் பூர்வீகமாகக் கொண்ட பெண்களைத் தேடினால் எண்ணிக்கை சட்டென்று சுருங்கிவிடும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் ஹிஸ்பானிக் மக்கள் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள்) சுமார் 6.2 கோடிப் பேர், மொத்தத்தில் 18.7 சதவீதம். பொறியியல் வகுப்பறைக்குள் போய்ப் பார்த்தால் அந்தப் பங்கில் பாதி அளவுக்குக்கூட லத்தீனாக்கள் தென்பட மாட்டார்கள்.

ஏன் என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். "அவங்க வீட்டுல பொண்ணுங்களை வெளியே விடமாட்டாங்க" என்பது ஒன்று. "கணக்குல அடித்தளம் சரியில்லை" என்பது இன்னொன்று. இரண்டுமே பழியை மாணவியின் வீட்டு வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போகிற பதில்கள். கால அட்டவணை, உதவித்தொகை விதிகள், லேப் மேசையில் யார் எதைச் செய்கிறார்கள் என்பதையெல்லாம் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் இந்தப் பதில்கள் நிற்காது என்பது என் கணிப்பு. அப்படிப் பார்க்க வசதியான இடமாக டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் எல் பாசோ வளாகத்தை எடுத்துக்கொள்கிறேன்.

இடமும் மாணவர்களும்

இது 1914-ல் டெக்சஸ் மாநிலச் சுரங்க, உலோகவியல் பள்ளியாக 27 மாணவர்களோடு தொடங்கியது. அத்தனை பேரும் ஆண்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். அதே 1916-ல் தீ விபத்து ஏற்பட, பள்ளி இன்றுள்ள இடத்துக்கு மாறியது. புதுக் கட்டடங்களை எப்படிக் கட்டலாம் என்ற பேச்சு வந்தபோது, பூட்டான் நாட்டுக் கோட்டைகளின் புகைப்படங்களை ஒரு பத்திரிகையில் பார்த்திருந்த டீனின் மனைவி அந்தப் பாணியைப் பரிந்துரைத்தார். டெக்சஸ் பாலைவனத்தில் சரிந்த சுவர்களும் அகன்ற கூரைகளுமாகப் பூட்டான் கட்டடங்கள் நிற்பதற்குக் காரணம் அதுதான். விளையாட்டு அணிகளுக்கு இன்றும் 'மைனர்ஸ்', அதாவது சுரங்கத் தொழிலாளர்கள், என்றே பெயர்.

வளாகத்திலிருந்து பார்த்தால் ரியோ கிராண்டே ஆற்றுக்கு அப்பால் மெக்சிகோவின் சியூதாத் ஹுவாரெஸ் நகரம் தெரியும். மாணவர்கள் சுமார் 25,000 பேர். அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஹிஸ்பானிக். பாதியளவு பேர் அவர்கள் வீட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். பெரும்பாலோர் விடுதியில் தங்குவதில்லை. வீட்டிலிருந்து வந்து, வகுப்பு முடிந்து, வேலைக்குப் போகிறவர்கள்.

ஒரு பகுதியினர் தினமும் ஆற்றைத் தாண்டி வருகிறார்கள். இவர்களைப் போல எல்லை தாண்டிப் படிக்க வருவோருக்காக 2002-ல் அமெரிக்கா எஃப்-3 என்று தனி விசாப் பிரிவே ஏற்படுத்தியது. பகுதி நேரமாகவும் படிக்கலாம். வசதி குறைந்த மெக்சிகோ மாணவர்கள் டெக்சஸ்வாசிகளுக்கான கட்டணத்திலேயே இங்கே சேர வழி இருக்கிறது. ஆனால் பாலத்தில் வரிசை எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. காலை எட்டு மணி வகுப்புக்கு விடியுமுன் கிளம்பினாலும் தேர்வு தொடங்கிய பிறகு வந்து சேரும் நாட்கள் உண்டு. 2010-ல் ஹுவாரெஸில் ஒரே ஆண்டில் 3,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தில் மாலை லேப் முடிந்து இருட்டில் பாலம் கடந்து வீடு திரும்பும் மகளை நினைத்து ஒரு தாய் பயந்தால், அதற்குப் பண்பாட்டுக் காரணம் தேடத் தேவையில்லை.

ஹுவாரெஸுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1960-களின் நடுவிலிருந்து அங்கே 'மாகிலாடோரா' எனப்படும் ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெருகின. கார் வயரிங்கும் மின்னணுப் பாகங்களும் கோர்க்கும் வரிசைகளில் தொடக்கத்தில் பெண்கள்தான் அதிகம். அதாவது இந்த ஊர்ப் பெண்களுக்குத் தொழிற்சாலை புதிதில்லை. வரைபடம் யார் கையில் இருக்கும் என்பதில்தான் சிக்கல்.

கால்குலஸ் என்ற பூட்டு

பொறியியலில் இருந்து மாணவர்கள் எங்கே உதிர்கிறார்கள் என்று பார்த்தால், முதல் இரண்டு ஆண்டுகளில், கணக்குப் பாடத்தைச் சுற்றித்தான். இதை நம் ஊர் அரியர் முறையோடு ஒப்பிட்டால் சட்டென்று புரியும். இங்கே ஒரு தாளில் தோற்றாலும் அடுத்த செமஸ்டருக்குப் போய்க்கொண்டே அரியரை எழுதலாம். அமெரிக்கப் பொறியியல் கல்லூரிகளில் பாடங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. முதல் கால்குலஸ் தேறினால்தான் இயந்திரவியல் இயற்பியல். அதில் தேறினால்தான் ஸ்டாட்டிக்ஸ், அதாவது அசையாத பொருள்கள்மீது செயல்படும் விசைகளைக் கணக்கிடும் பாடம். அப்புறம்தான் டைனமிக்ஸ், பொருள் வலிமை, வடிவமைப்பு. நுழைவுக் கணக்குத் தேர்வில் மதிப்பெண் குறைந்தவர் கால்குலஸிலேயே தொடங்க முடியாது. இயற்கணிதம், முன்-கால்குலஸ் என்று ஓர் ஆண்டு பின்னால் நின்றுதான் ஓடத் தொடங்குவார்.

வாரம் 25 மணி நேரம் கடையில் வேலை பார்க்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். முதல் கால்குலஸில் தோற்றுவிடுகிறார். அடுத்த செமஸ்டரில் அதை மறுபடி எடுக்கிறார். சங்கிலி பூட்டியிருப்பதால் மற்ற பொறியியல் பாடங்கள் எதையும் எடுக்க வழியில்லை. ஆனால் முழுநேர மாணவி என்ற கணக்கில் உதவித்தொகை முழுதாக வர 12 கிரெடிட் வேண்டும். அதனால் பிறகு எடுக்க வைத்திருந்த பொதுப் பாடங்களை இப்போதே போட்டு இடத்தை நிரப்புகிறார். மத்திய அரசின் பெல் உதவித்தொகை 2024-25-ல் அதிகபட்சம் 7,395 டாலர். 2012 முதல் ஒருவர் வாழ்நாளில் அதை 12 செமஸ்டர் அளவுக்குத்தான் பெற முடியும். பூட்டு திறக்கக் காத்திருக்கும் செமஸ்டர்கள் அந்தக் கணக்கையும் தின்கின்றன. நான்காம் ஆண்டில் அவர் இன்னும் ஸ்டாட்டிக்ஸில் நிற்கிறார், கையில் பணமும் தீர்ந்துகொண்டு வருகிறது. கடைசியில் பொறியியலை விட்டு வேறு துறைக்கு மாறுகிறார். பதிவேட்டில் "துறை மாற்றம்" என்று ஒரு வரி. இதைப் பார்க்கிறவர், "அவளுக்குப் பொறியியலில் ஆர்வம் இல்லை" என்று முடிவு கட்டிவிடுவார்.

இந்தப் பூட்டு ஆணையும் பெண்ணையும் ஒன்றுபோலத்தான் பூட்டுகிறது என்று வாதிடலாம், சரிதான். ஆனால் வசதியான பள்ளியில் பள்ளிக்காலத்திலேயே கால்குலஸ் முடித்து வருகிறவருக்கு இது கண்ணுக்கே தெரியாது. ஏழைப் பகுதிப் பள்ளிகள் பலவற்றில் கால்குலஸ் வகுப்பே கிடையாது.

கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டாண்டு உள்ளூர்க் கல்லூரி வழியாக வருகிறவர்களுக்கு இதன்மேல் இன்னொரு சுமை. ஹிஸ்பானிக் மாணவர்களில் பெரும் பங்கினர் அங்கேதான் தொடங்குகிறார்கள், ஏனென்றால் கட்டணம் குறைவு. பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது, படித்த பாடங்களில் சிலவற்றைப் புதிய இடம் ஏற்காது, மறுபடி படிக்க வேண்டும். நாசா பொறியாளர் டயானா ட்ருஹியோவின் பாதை இப்படிச் சுற்றிச் சுற்றிப் போனதுதான். கொலம்பியாவின் காலி நகரில் பிறந்து, 17 வயதில் 300 டாலரோடு மயாமிக்கு வந்து, வீட்டு வேலை செய்துகொண்டே மயாமி டேட் கல்லூரியில் படித்து, அங்கிருந்து ஃப்ளோரிடா, அப்புறம் மேரிலாந்து பல்கலைக்கழகம் என்று மாறி விண்வெளிப் பொறியியல் முடித்தார். 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவியரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கியபோது நாசாவின் ஸ்பானிஷ் நேரலையைத் தொகுத்து வழங்கியவர் அவர். அந்த ஊர்தியின் இயந்திரக் கை சார்ந்த குழுவிலும் பணியாற்றியவர். இப்படிப்பட்டவர்களை மேடையேற்றி ஊக்கம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அவர் தாண்டிவந்த பள்ளங்களை மூடாமல் அவரைப் போலத் தாண்டு என்று சொல்வது நிர்வாகத்துக்கு மிகவும் வசதியான அறிவுரை.

வீடு தடையா?

மெக்சிகோ குடும்பங்களில் மகளுக்கு எதிர்பார்ப்புகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது, பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப்போவது, அங்கே டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதை ஸ்பானிஷில் எடுத்துச் சொல்வது, வீட்டுக்கு வரும் காப்பீட்டுக் கடிதங்களைப் படித்துப் பதில் எழுதுவது எல்லாம் பெரும்பாலும் மூத்த மகளின் பொறுப்பு. தேர்வு வாரம் என்பதற்காக இவை ஒத்திப்போகாது. வெப்ப இயக்கவியல் தேர்வு என்றால் என்ன, அதற்கு ஏன் விடிய விடியப் படிக்க வேண்டும் என்பது கல்லூரியையே பார்க்காத பெற்றோருக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஹூஸ்டனில் கோடைக்கால இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது, மூன்று மாதம் தனியாக அறை எடுத்துத் தங்க வேண்டும் என்றால் வீட்டில் பெரிய பேச்சுவார்த்தை நடக்கத்தான் செய்யும்.

ஆனால் லத்தீனா பொறியியல் மாணவிகளிடம் நடந்த நேர்காணல் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு செய்தி, படிப்பை விடாமல் பிடித்துக்கொள்ளக் காரணமும் அதே குடும்பம்தான் என்பது. எலன் ஒச்சோவாவின் அம்மா ஒரு நல்ல எடுத்துக்காட்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடம் என்று எடுத்து, 22 ஆண்டுகளில் பட்டம் முடித்தவர் அவர். மகள் 1993-ல் டிஸ்கவரி ஓடத்தில் விண்வெளிக்குப் போன முதல் ஹிஸ்பானிக் பெண், பிற்பாடு ஜான்சன் விண்வெளி மையத்தின் இயக்குநர்.

கல்வியியலில் இதைப் பற்றி நல்ல வேலைகள் நடந்திருக்கின்றன. 1990-களின் தொடக்கத்தில் லூயிஸ் மோல் குழுவினர் அரிசோனாவின் டூசான் நகரில் ஆசிரியர்களை மெக்சிகோ வம்சாவளி வீடுகளுக்கு அனுப்பி, அங்கே என்ன அறிவு இருக்கிறது என்று பதிவு செய்தார்கள். கட்டுமானம், இயந்திரப் பழுது, விவசாயம், கணக்குவழக்கு என்று ஏராளம் கிடைத்தது. 2005-ல் தாரா யோசோ என்ற ஆய்வாளர், இந்தச் சமூகங்களுக்கு உள்ளே இருக்கும் ஆறு வகை மூலதனங்களை, அதாவது பணமல்லாத பலங்களை, பட்டியலிட்டார். குடும்பப் பிணைப்பும் இருமொழித் திறனும் அதில் அடங்கும். அப்பாவின் பட்டறையில் கார்புரேட்டரைப் பிரித்து மாட்டிய பெண் கல்லூரி லேபில் பேசாமல் நிற்கிறாள் என்றால், அவள் அறிவை அங்கே யாரும் கேட்கவில்லை என்றுதான் பொருள்.

லேப் மேசையில்

நான்கு பேர் கொண்ட ப்ராஜெக்ட் குழு, அதில் ஒரே ஒரு பெண். முதல் சந்திப்பில் வேலை பிரிக்கிறார்கள். ஒருவன் சால்டரிங் இரும்பை எடுத்துக்கொள்கிறான், இன்னொருவன் கணினி ப்ரோகிராம் எழுதுகிறேன் என்கிறான், மூன்றாமவன் மெஷின் ஷாப். "உன் கையெழுத்து நல்லா இருக்கும், ரிப்போர்ட் நீ பாத்துக்கோ" என்று அவளிடம் நோட்டுப் புத்தகம் வருகிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அவளும் சண்டை வேண்டாம் என்று வாங்கிக்கொள்கிறாள். குழுவுக்கு ஏ கிரேடு கிடைக்கிறது. மூன்று ப்ராஜெக்ட் இப்படிப் போனால், வேலை நேர்முகத்தில் "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இருக்காது. பொறியியல் மாணவிகள் பற்றிய ஆய்வுகளில் இந்தப் பங்கீடு அலுத்துப்போகிற அளவுக்குத் திரும்ப வருகிறது. வேலைகளைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்று ஆசிரியர் ஒரு விதி போட்டாலே இது பெருமளவு சரியாகும். காசு செலவில்லாத திருத்தம், ஆனாலும் பல இடங்களில் நடப்பதில்லை.

ஆசிரியரின் ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதற்கும் ஒச்சோவாவின் அனுபவமே போதும். 1970-களில் இளநிலையில் எந்தத் துறையை எடுப்பது என்று யோசித்தபோது அவர் மின்பொறியியல் பேராசிரியர் ஒருவரைப் பார்க்கப் போனார். முன்பு எப்போதோ ஒரு பெண் வந்து படித்ததாகவும், பாடம் கடினம் என்றும் அவர் ஆர்வமில்லாமல் பேசி அனுப்பினார். இயற்பியல் பேராசிரியரோ அவருடைய கணக்குப் பின்னணியை விசாரித்து, இயற்பியல் படித்தவர்கள் என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று சொல்லி வரவேற்றார். ஒச்சோவா இயற்பியலில் சேர்ந்தார். பிறகு ஸ்டான்ஃபோர்டில் மின்பொறியியலிலேயே முனைவர் பட்டம் பெற்று, ஒளியியல் கருவிகளில் காப்புரிமைகளும் வாங்கினார். ஒச்சோவா கல்லூரிக்குப் போன அதே காலத்தில், 1975 டிசம்பரில், அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் கறுப்பினம், மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, பூர்வகுடிப் பின்னணி கொண்ட 30 பெண் விஞ்ஞானிகளை வர்ஜீனியாவில் கூட்டிப் பேசவைத்தது. இனத்துக்காக ஒரு அடி, பெண் என்பதற்காக ஒரு அடி, இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிவதில்லை என்பதுதான் அங்கே பேசியதன் சாரம்.

எல் பாசோ செய்தது

1988-ல் டயானா நடாலிசியோ இந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். மொழியியல் படித்தவர். செயின்ட் லூயிஸ் நகரில் பள்ளி முடித்ததும் ஒரு தொழிற்சாலையில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலை பார்த்து, அங்கிருந்து கல்லூரிக்குப் போனவர். 2019 வரை, அதாவது 31 ஆண்டுகள் பதவியில் இருந்தார். அவர் வந்தபோது சுமார் 15,000 மாணவர்கள், ஒரே ஒரு முனைவர் படிப்பு. போகும்போது 25,000 மாணவர்கள், இருபதுக்கும் மேற்பட்ட முனைவர் படிப்புகள். தரத்தை உயர்த்த நுழைவை இறுக்க வேண்டும் என்ற அறிவுரையை அவர் ஏற்கவில்லை. அந்த ஊர் மாணவர்கள் எப்படிப்பட்டவர்களோ அப்படியே வைத்துக் கல்லூரியை மாற்றினார் என்பதுதான் இந்த நிகழ்வின் சாரம் என்று நினைக்கிறேன்.

1990-களில் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியோடு, அறிவியல், பொறியியல் புது மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரே குழு கணக்கு வகுப்புக்கும் இன்னும் ஓரிரு வகுப்புகளுக்கும் சேர்ந்தே போகும். பேருந்தில் வந்து வகுப்பு முடிந்ததும் வேலைக்கு ஓடுகிறவருக்கு நண்பர்கள் கிடைப்பது விடுதியிலோ சங்கத்திலோ இல்லை. வகுப்பிலேயே கிடைத்தால்தான் உண்டு. அதேபோல, பாடத்தில் முந்தைய ஆண்டு நன்றாகச் செய்த மாணவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வாராந்திரப் பயிற்சி வகுப்பு நடத்த வைத்தார்கள். பொது வேதியியலில் விரிவுரையைக் குறைத்து இந்தப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்கினார்கள். இதில் இரட்டை ஆதாயம். கடையில் பில் போட்டுச் சம்பாதித்த மாணவி அதே பணத்தைக் கல்லூரிக்குள் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கலாம். முதலாமாண்டுப் பெண்ணுக்கோ, தன்னைப் போலவே ஸ்பானிஷ் கலந்து பேசுகிற ஒருத்தி கரும்பலகை முன்னால் நிற்பதைப் பார்க்கக் கிடைக்கிறது.

கணினி அறிவியலில் ஆன் கேட்ஸ் என்ற பேராசிரியரும் சகாக்களும் 1995 வாக்கில் தொடங்கிய ஆய்வுக்குழு முறை எனக்கு இன்னும் பிடித்தது. வழக்கமாக ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைப்பது முதல் ரேங்க் மாணவருக்கும், பேராசிரியர் அறைக்கதவைத் தட்டத் தயங்காதவருக்கும்தான். இந்த முறையில் மதிப்பெண் நடுத்தரமாக உள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டு, ஆய்வுக் கட்டுரை படிப்பது, கூட்டத்தில் எதிர்க்கருத்துச் சொல்வது, மேடையில் பேசுவது எல்லாவற்றையும் பாடமாகவே கற்றுக்கொடுத்தார்கள். குழுவில் ஒவ்வொருவருக்கும் பொறுப்பு உண்டு, ஒதுங்கி நிற்க முடியாது. பின்னாளில் ஏழு கல்வி நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய கணினிக் கல்விக் கூட்டமைப்பு வழியாக இந்த முறை பிற இடங்களுக்கும் பரவியது. அவற்றில் போர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகத்தின் மயாகுவெஸ் வளாகமும் ஒன்று.

மயாகுவெஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1911-ல் தொடங்கிய அந்தக் கல்லூரியின் பொறியியல் வகுப்புகளில் ஏறக்குறைய எல்லோரும் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள். பெண்களின் பங்கோ அமெரிக்கக் கல்லூரிகளின் சராசரியைவிட நெடுங்காலமாகவே அதிகம். சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு மின்சாரம் தந்த நிக்கல்-ஹைட்ரஜன் பேட்டரிகளின் ஆயுளை நீட்டிக்க உழைத்த ஓல்கா கொன்சாலெஸ்-சனாப்ரியா அங்கே வேதிப் பொறியியல் படித்தவர். "லத்தீனப் பண்பாடு பெண்களைப் பொறியியலுக்கு விடாது" என்ற வாதம் மயாகுவெஸில் என்ன ஆகிறது? அங்கேயும் அதே பண்பாடு, அதே குடும்பம். வகுப்பில் தன் இனத்தில் தான் ஒருத்திதான் என்ற நிலைமை மட்டும் அங்கே இல்லை.

எட்டாதவை

எல் பாசோவின் திருத்தங்களுக்கும் எல்லை உண்டு. வகுப்பில் ஐந்தில் நான்கு பேர் ஹிஸ்பானிக் என்பதால் இனம் சார்ந்த தனிமை குறையும், ஆனால் பொறியியல் வகுப்பில் ஆண்கள் பெரும்பான்மை என்பது மாறவில்லை. இரட்டைச் சுமையில் ஒன்றுதான் இறங்கியிருக்கிறது. பக்கத்திலேயே வைட் சாண்ட்ஸ் ஏவுகணைச் சோதனைத் தளம், அதைச் சுற்றிப் பாதுகாப்புத் துறை வேலைகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். பாலம் கடந்து வரும் மாணவி அதே பட்டத்தை அதே மதிப்பெண்ணோடு வாங்கினாலும் அந்த விண்ணப்பப் படிவத்தின் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவார். பட்டம் முடித்துப் போகும் நிறுவனத்தில் மறுபடி குழுவின் ஒரே லத்தீனா ஆவதும் நடக்கிறது. 1974-ல் லாஸ் ஏஞ்சலிஸ் மாநகராட்சிப் பொறியாளர்கள் தொடங்கிய ஹிஸ்பானிக் பொறியாளர்கள் சங்கம் போன்ற அமைப்புகள் அங்கேதான் கைகொடுக்கின்றன. ஆண்டு மாநாட்டில் வேலைக்கு ஆள் எடுக்கவே நிறுவனங்கள் வரிசைகட்டி வருகின்றன.

அரசியலும் மாறியிருக்கிறது. 2024 ஜனவரி முதல் டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்மைத்துவ (டைவர்சிட்டி) அலுவலகங்கள் வைத்துக்கொள்ளச் சட்டப்படி தடை. பெயர்ப்பலகையில் இனமோ பாலினமோ எழுதிவைத்திருந்த திட்டங்களுக்கு இது நேரடி அடி. சேர்ந்து எடுக்கும் கணக்கு வகுப்பு, சம்பளத்தோடு மாணவர் நடத்தும் பயிற்சி, வேலை சுழலும் ப்ராஜெக்ட் குழு இவற்றில் எந்தப் பெயர்ப்பலகையும் இல்லை. யார் வேண்டுமானாலும் சேரலாம், அதனால் இவற்றை அந்தச் சட்டத்தின் பேரால் நிறுத்துவது கடினம். பணம் வேறு விஷயம். மாணவர்களில் கால் பங்கு ஹிஸ்பானிக் உள்ள கல்லூரிகளுக்கு மத்திய அரசு தனி மானியம் கொடுத்துவந்தது, தகுதி பெற்ற கல்லூரிகள் சுமார் 600. 2025 செப்டம்பரில் கல்வித் துறை இந்த மானியங்களின் பெரும்பகுதியை, இதுபோன்ற பிற திட்டங்களோடு சேர்த்துச் சுமார் 35 கோடி டாலரை, நிறுத்துவதாக அறிவித்தது. பயிற்சி வகுப்பு நடத்தும் மாணவிக்கான மணிக்கூலி இப்படிப்பட்ட மானியங்களிலிருந்துதான் பல கல்லூரிகளில் வருகிறது. அது நின்றால் அவர் திரும்பவும் கடைக்கு பில் போடப் போவார். அந்த ஆண்டு கால்குலஸ் வகுப்புக்கு வருகிறவர்களுக்குப் பாடப்புத்தகம் மட்டும் இருக்கும்.